தொலைக்காட்சி நடிகரின் தொழில்

கல்லில் உளி பதித்த சிற்பி மறைந்தாலும் அவர் வடித்த சிற்பம் நிற்கிறது. ஏட்டில் எழுத்தாணி ஓட்டிய புலவர் மறைந்தாலும் அவர் பாடிய பாட்டு நிற்கிறது. நடிகரின் கலையோ அத்தன்மைத்தன்று. திரை விழுந்தவுடன் அவர் காட்டிய மெய்ப்பாடுகள் அவையோரின் நினைவிலன்றி வேறெங்கும் தங்குவதில்லை. திரைப்படம் தோன்றியபோது இக்குறை தீர்ந்ததென்று பலரும் எண்ணினர். ஆயின், திரைப்படத்திற்குப் பின் வந்த தொலைக்காட்சி, தன் தொடக்கக் காலத்தில் நடிகரைப் பழைய நிலைக்கே கொண்டு சென்றது. இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நாடகத்தைக் கண்டனர். ஒளிபரப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஒன்றும் எஞ்சவில்லை. மேடைக்குரிய நிலையாமையும் திரைப்படத்திற்குரிய பெருங்கூட்டமும் ஒருங்கே அமைந்த புதிய தொழிலாக அது இருந்தது.

அத்தொழிலால் உயர்ந்த ஒருவரின் வரலாற்றைத் துணைகொண்டு, தொலைக்காட்சி நடிப்பின் இயல்பை இன்று ஆராய்வோம். அவர் இங்கிலாந்து நாட்டவர். பீட்டர் குஷிங் என்னும் பெயரினர். அச்சமூட்டும் திரைப்படங்களில் நடித்தவராகவே உலகம் அவரை மிகுதியும் அறியும். அதற்கு முன்பே அவர் ஆங்கிலத் தொலைக்காட்சியின் முன்னணி நடிகராக விளங்கினார் என்பதைப் பலர் அறியார். அவ்வறியாமைக்குக் காரணமும் உண்டு. அந்நடிப்பின் பெரும்பகுதி இன்று காணக் கிடைப்பதில்லை.

முதலில் தொலைக்காட்சி நாடகத்தின் பிறப்பை நோக்குவோம். 1928-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த செனெக்டடி நகரில், 'அரசியின் தூதர்' என்று பொருள்படும் சிறு நாடகம் ஒன்று ஒளிபரப்பப்பட்டது. அக்காலத்துக் காமிரா ஒரு முகத்திற்குமேல் தெளிவாகக் காட்டும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. ஆகவே ஒரு காமிரா நடிகரின் முகத்தைக் காட்டிற்று. மற்றொன்று நடிகையின் முகத்தைக் காட்டிற்று. மூன்றாவது, கைகளையும் கையிலுள்ள பொருள்களையும் காட்டிற்று. கைகளுக்கென்றே வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். முகம் ஒருவருடையது, கை வேறொருவருடையது! தொலைக்காட்சி நடிப்பு இவ்வாறு துண்டு துண்டாகவே பிறந்தது.

ஈராண்டு கழித்து, 1930-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14-ஆம் நாள், இலண்டனில் ஜான் லோகி பேர்டு அமைத்த கருவியின் வாயிலாக, இத்தாலிய நாடகாசிரியர் பிராந்தெல்லோவின் நாடகம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. படம் முழுவதும் 30 கோடுகளால் ஆனது. ஒரு நேரத்தில் ஒருவர் முகமே தெரியும். அவர் விலகிய பின்னரே அடுத்தவர் காமிராவின் முன் அமர இயலும். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நிறுவனம் முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. சில திங்களில் 405 கோடுகள் கொண்ட முறை நிலைபெற்றது. படம் தெளிவுற்றது, பலர் ஒன்றுகூடி நடிப்பது கைகூடிற்று. உலகப்போர் மூளவே 1939 செப்டம்பர் முதல் நாள் நின்றுபோன ஒளிபரப்பு, 1946 ஜூன் 7-ஆம் நாள் மீண்டும் எழுந்தது.

அக்காலத்து நாடக ஒளிபரப்பு எவ்வாறு நிகழ்ந்தது? இதனை ஓரளவு விரிவாக அறிதல் வேண்டும். அறிந்தாலன்றி அந்நடிகர்களின் பாடு நமக்கு விளங்காது. ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு நாடகம் ஒளிபரப்பாகும். மறுமுறை காட்ட வேண்டுமாயின், வியாழக்கிழமையன்று நடிகர்கள் அனைவரும் மீண்டும் வந்து தொடக்கத்திலிருந்து நடிப்பர். இரண்டு முறை நடிப்பதற்கு மூன்று வாரம் ஒத்திகை. 'ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பானேன்' என்பது நம் பழமொழி. அவர்கள் தெரிந்தே மீசையைச் சிரைத்துக்கொண்டவர்கள். வாடகைக்கு எடுத்த பொதுக்கூடங்களில் தரையிலே நாடாவை ஒட்டி, இது சுவர், இது கதவு என்று குறித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தனர். ஒளிபரப்பை ஒட்டிய நாளில்தான் உண்மையான அரங்க அமைப்புக்குள் நுழைந்தனர்.

அரங்கினுள் பல காட்சியமைப்புகள் அருகருகே நிற்கும். ஒரு காட்சி முடிந்தவுடன் நடிகர் காமிராக்களுக்கும் கம்பிகளுக்கும் இடையே ஓசையின்றி ஓடி, ஆடை மாற்றி, அடுத்த காட்சியின் நாற்காலியில் அமைதியாக அமர்ந்திருப்பார்போல் தோன்ற வேண்டும். மூச்சிரைப்பதை ஒலிவாங்கி கேட்டுவிடும். நெற்றி வியர்வையைக் காமிரா கண்டுவிடும். முன்கூட்டியே எடுத்து வைத்த சிறு திரைப்படத் துண்டுகளை இடையிடையே காட்டி, அந்த ஓட்டத்திற்குச் சில நொடிகள் தேடித் தருவதும் உண்டு. வசனத்தை ஒருவர் மறந்துவிட்டால், அடியெடுத்துக் கொடுப்பவர் ஒரு விசையை அழுத்துவார். நாடு முழுவதும் ஒரு கணம் ஒலி நிற்கும். அக்கணத்தில் அவர் சொல்லை எடுத்துக் கொடுப்பார். வீட்டிலிருப்போர் தம் பெட்டியில்தான் பழுது என்று எண்ணிக்கொள்வர்.

இத்தகைய உலகிற்குள் குஷிங் நுழைந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அதுவரை அவர் கடந்துவந்த வழி எளிதானதன்று. 1913-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் சர்ரே மாவட்டத்துக் கென்லி என்னும் ஊரில் அவர் பிறந்தார். பாட்டனார், பெரும்புகழ் பெற்ற ஹென்றி இர்விங்கின் குழுவில் நடித்தவர். தந்தையாரோ கட்டட அளவைத் தொழில் புரிந்தவர். மகன் கூத்தாடுவதை அவர் விரும்பவில்லை. ஆதலின் குஷிங் உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றில் அளவையாளரின் உதவியாளராக அமர்ந்தார். அங்கிருந்தபடியே வொர்திங் நகரத்து நாடகக் குழுவின் மேலாளருக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். அக்கடித மழைக்கு ஆற்றாது மேலாளர் அவரை நேரில் அழைத்தார். சிறு வேடம் ஒன்று கிடைத்தது. 1935 முதல் சில ஆண்டுகள் வெளியூர் நாடகக் குழுக்களில் உழைத்தார். வாரந்தோறும் புது நாடகம் போடும் வழக்கமுடைய குழுக்கள் அவை. இரவில் ஒரு நாடகத்தை நடித்துக்கொண்டே பகலில் அடுத்த நாடகத்தின் வசனத்தை மனப்பாடம் செய்யும் பயிற்சி அவருக்கு அங்கே வாய்த்தது.

1939-இல், தந்தையார் வாங்கித் தந்த ஒருவழிச் சீட்டுடன் அவர் அமெரிக்கா சென்றார். ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை விந்தையானது. 'இரும்பு முகமூடி மனிதன்' என்று பொருள்படும் படத்தில் கதைத் தலைவருக்கு இரட்டை வேடம். அவர் ஒரு வேடத்தில் நடிக்கும்போது எதிரே நின்று மற்ற வேடத்தின் வசனத்தைப் பேச ஒருவர் தேவைப்பட்டார். குஷிங் அவ்வாறு நின்று பேசினார். பின்னர் இரு பாதிகளையும் ஒட்டியபோது அவர் நடித்த பாதி நீக்கப்பட்டது. ஆறுதலாக ஒரு சிறு வேடம் தனியே தரப்பட்டது. அழிக்கப்படுவதற்கென்றே நடித்தவர், அத்தொழிலை அங்கேதான் தொடங்கினார்.

போர்க்காலத்தில், 1942-இல், தாயகம் திரும்பினார். 1943-இல் ஹெலன் என்னும் நடிகையை மணந்தார். வேலை அருகியே கிடைத்தது. பட்டுக் கழுத்துத் துணிகளில் ஓவியம் தீட்டிப் பொருள் ஈட்டிய காலமும் உண்டு. 1948-இல் வெளிவந்த 'ஹாம்லெட்' திரைப்படத்தில் லாரன்ஸ் ஒலிவியர் அவருக்கு ஒரு சிறு வேடம் அளித்தார்; அவ்வாண்டு ஒலிவியரின் குழுவுடன் ஆஸ்திரேலியப் பயணமும் மேற்கொண்டார். ஆயினும் திரும்பி வந்தபின் மீண்டும் வறட்சியே. மனம் தளர்ந்திருந்த அவருக்கு வழிகாட்டியவர் ஹெலன் அம்மையார். நிகழ்ச்சி நிரல் வெளியிடும் 'ரேடியோ டைம்ஸ்' இதழை விரித்து, அதில் காணும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களிடம் வாய்ப்புக் கேட்குமாறு தூண்டினார். மேடை நடிகர் பலர் தொலைக்காட்சியைத் தாழ்வாக எண்ணிய காலம் அது. குஷிங் அவ்வாறு எண்ணவில்லை. எண்ணும் நிலையிலும் அவர் இல்லை. 1951 டிசம்பரில் பிரீஸ்ட்லியின் நாடகம் ஒன்றில் தோன்றினார். 1952-இல் ஜேன் ஆஸ்டின் கதையின் தொடரில் டார்சி என்னும் செருக்குடைய செல்வராக நடித்தார். மூன்றாண்டுகளுக்குள் நாடறிந்த முகமாயினார். தொலைக்காட்சி நடிகருக்குரிய விருதுகளும் அடுத்தடுத்து அவரை வந்தடைந்தன.

அவருடைய நடிப்பில் என்ன தனித்தன்மை இருந்தது? மேடை நடிகர் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் எட்டும்படி நடிக்கிறார், குரலை உயர்த்துகிறார், கையை வீசுகிறார். தொலைக்காட்சி நடிகருக்கோ கடைசி வரிசை என்பதே இல்லை. கோடிப் பேர் கண்டாலும், அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில், நான்கைந்து முழ தூரத்தில், ஒரு சிறு பெட்டியின் முன் அமர்ந்திருக்கின்றனர். அங்கே கை வீசினால் அது மிகை. புருவம் அசைந்தாலே போதும். இவ்வேறுபாட்டைக் குஷிங் விரைவில் உணர்ந்தார். உள்ளத்து எண்ணத்தைச் சிறு பொருள்களின் வாயிலாகக் காட்டும் முறையை அவர் கையாண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தல், எழுதுகோலைத் திருகுதல், புகைக்குழாயை நிரப்புதல் ஆகிய செயல்களைச் சொல்லோடு பொருந்துமாறு, எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிவதென்று முன்னரே வகுத்து ஒத்திகை பார்ப்பார். கைப்பொருள்மீது அவருக்கிருந்த பற்றைக் கண்ட உடன் நடிகர்கள் அதனையே கேலிப்பெயராக்கி அவரை அழைத்தனர். ஒத்திகையின்போது புகைப்பதானால் ஒரு கையில் வெள்ளை உறை அணிந்துகொள்வார். விரலில் கறை படிந்தால் காமிரா காட்டிவிடும் என்பதே காரணம். 1928-இல் வேறொருவருக்கு விடப்பட்ட கைகள், இவருடைய நடிப்பில் முகத்திற்கு இணையான இடம் பெற்றன.

ஓய்வு நேரத்திலும் அவர் கைகள் சும்மா இருக்கவில்லை. நீர்வண்ண ஓவியம் தீட்டுவார். சிறு போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவார். அட்டையில் நாடக அரங்குகள் செய்வார். தாம் ஏற்கும் வேடத்தின் உடையையும் தோற்றத்தையும் நாடகப் பிரதியின் ஓரத்தில் வரைந்து பார்க்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. தொழிலுக்கும் பொழுதுபோக்கிற்கும் அவரிடத்தில் மிகுந்த இடைவெளி இல்லை.

இனி அவர் வாழ்வின் சிறந்த நிகழ்ச்சிக்கு வருவோம். ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' என்னும் புதினத்தை நைஜல் நீல் நாடகமாக்கினார். ருடால்ஃப் கார்ட்டியர் நெறிப்படுத்தினார். மக்களின் எண்ணத்தையும் கண்காணிக்கும் கொடுங்கோலாட்சியின்கீழ் வாழும் வின்ஸ்டன் ஸ்மித் என்னும் எளிய அலுவலராகக் குஷிங் நடித்தார். இவோன் மிட்செல், ஆந்திரே மோரெல், டொனால்டு பிளெசன்ஸ் ஆகியோர் உடன் நடித்தனர். 1954 டிசம்பர் 12, ஞாயிறு இரவு, இலண்டன் லைம் குரோவ் அரங்கிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நாடகம் நேரே ஒளிபரப்பாயிற்று. இசைக்குழுவினர் மற்றோர் அரங்கில் அமர்ந்து, நடிப்பைப் பின்பற்றி அப்போதைக்கப்போதே இசைத்தனர்.

வின்ஸ்டன் தொடக்கத்தில் அடங்கிய ஆனால் உடையாத மனிதன். இடையில் காதலும் துணிவும் கொள்கிறான். முடிவில் சித்திரவதையால் உருக்குலைந்து, நேசித்தவளையே காட்டிக்கொடுத்து, வெறுங்கூடாக நிற்கிறான். திரைப்படமாயின் இம்மாறுதலைப் பல நாட்களில் பகுதி பகுதியாக எடுத்துக்கொள்ளலாம். பிழை நேர்ந்தால் மீண்டும் எடுக்கலாம். குஷிங்கிற்கு அவ்வசதி இல்லை. நிமிர்ந்த முதுகு கூனுவதும், தெளிந்த கண் மங்குவதும் ஒரே மூச்சில், கடிகாரம் நிற்காமல் ஓட, நாட்டின் கண் முன்னே நிகழ வேண்டியிருந்தது.

மறுநாள் நாடு இரண்டுபட்டது. நாடகம் கொடியது, குடும்பத்தோடு காணத் தகாதது என்று பலர் கண்டனம் தெரிவித்தனர். இது காலத்திற்கேற்ற எச்சரிக்கை என்று பிறர் போற்றினர். நாடாளுமன்றத்தில் எதிர்த்தும் ஆதரித்தும் தீர்மானங்கள் முன்மொழியப்பட்டன. வியாழக்கிழமை மறு ஒளிபரப்பை நிறுத்த வேண்டுமென்னும் குரல் எழுந்தது. நிறுவனம் அதற்கு இணங்கவில்லை. அரசியாரும் தாமும் நாடகத்தைக் கண்டு சுவைத்ததாக எடின்பரோக் கோமகன் பிலிப் கூறியதும் அவ்வாரத்தில்தான். 16-ஆம் நாள் இரவு, 1953-இல் நிகழ்ந்த முடிசூட்டு விழாவுக்குப் பின் கண்டறியாத பெருந்திரள் பெட்டிகளின் முன் அமர்ந்தது. நடிகர்கள் தொடக்கத்திலிருந்து மீண்டும் நடித்தனர்.

வியாழக்கிழமை நடிப்பு, ஒளிரும் திரையைத் திரைப்படக் காமிராவால் எடுக்கும் முறையில் பதிவு செய்யப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை நடிப்போ பதிவு செய்யப்படவில்லை. நாம் இன்று காண்பது வியாழன் இரவின் நடிப்பே. ஆனால் குஷிங், முதல் நாள் நடிப்பே சிறந்ததென்றும், எஞ்சி நிற்பது அதனினும் தாழ்ந்ததென்றும் கருதினார். கண்டனங்கள் சூழ்ந்த நான்கு நாட்களுக்குப் பின் நிகழ்ந்த நடிப்பு அது. தம் கலையின் அளவுகோலாக உலகம் கொள்வது தம் சிறந்த நடிப்பன்று என்பதை அறிந்தவாறே எஞ்சிய நாற்பதாண்டுகளையும் அவர் வாழ்ந்தார்.

எல்லாவற்றையும் ஏன் பதிவு செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். செலவு ஒரு காரணம். பதிவின் தெளிவின்மை மற்றொரு காரணம். மூன்றாவது காரணமும் உண்டு; அது நடிகர் தரப்பிலிருந்தே எழுந்தது. ஞாயிறு நடிப்பைப் பதிவு செய்து வியாழன் காட்டினால், இரண்டாம் நாள் ஊதியம் என்னாவது என்று நடிகர் சங்கம் வினவியது. இன்று அதனைக் குறுகிய நோக்கு என்று கூறிவிடல் எளிது. வேலையற்ற வாரங்களுக்கிடையே கிடைக்கும் ஒரு வேலையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது அடுப்பெரிவதைப் பற்றிய கேள்வி. கலை நிலைபெறுதல் ஒருபுறம், கலைஞர் பிழைத்தல் மறுபுறம் என இரு நியாயங்கள் அங்கே மோதின.

நேரடி நடிப்பின் கடுமை எத்துணை என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சியையும் சுட்டுதல் தகும். 1958 நவம்பர் 30-ஆம் நாள், வணிகத் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது, காரெத் ஜோன்ஸ் என்னும் இளம் நடிகர் காட்சிகளுக்கிடையே மாரடைப்பால் உயிர்நீத்தார். ஒளிபரப்பு நிற்கவில்லை. உடன் நடித்தோர் அவருக்குரிய வசனங்களைத் தமக்குள் பகிர்ந்தும் புதியன புனைந்தும் நாடகத்தை முடித்தனர். இது வீரமா, கொடுமையா என்று முடிவு கூறுதல் எளிதன்று.

'1984' நாடகத்திற்குப் பின், 1955 ஜனவரியில், அதே ஆசிரியரும் நெறியாளரும் உருவாக்கிய பனிமனிதன் பற்றிய நாடகத்திலும் குஷிங் தலைமை வேடம் ஏற்றார். அது பதிவு செய்யப்படவில்லை, முற்றும் மறைந்தது. தொலைக்காட்சிப் புகழ் திரைப்படத்தின் கதவைத் திறந்தது. 1957-இல் பிராங்கன்ஸ்டைன் கதையிலும், 1958-இல் டிராகுலா கதையிலும் ஹாமர் நிறுவனத்திற்காக நடித்தார். அந்தப் படங்களில் நம்ப முடியாத கதைகளை நம்பச் செய்தவை, சிறு திரையில் அவர் பழகிய நுண்ணிய செயல்களே.

1968-இல் பி.பி.சி.யில் துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸாக 16 பகுதிகளில் நடித்தார். பழைய இதழ்களில் வந்த ஓவியங்களைப் பார்த்து உடை வகுத்துக்கொண்டார். அப்போது ஒளிநாடாப் பதிவு வழக்கில் வந்துவிட்டது. ஆயினும் ஒத்திகைக்குரிய நாட்கள் சுருக்கப்பட்டமை அவரை வருத்திற்று. அந்த 16 பகுதிகளில் இன்று எஞ்சியிருப்பவை ஆறே. விலையுயர்ந்த நாடாவை மீண்டும் பயன்படுத்தும் பொருட்டுப் பழைய பதிவுகளை அழிப்பது அந்நாளில் வழக்கமாயிருந்தது. முன்பு காற்றில் மறைந்த நடிப்பு, பின்பு மனிதர் கையாலேயே அழிந்தது.

1971-இல் ஹெலன் அம்மையார் மறைந்தார். அத்துயரிலிருந்து குஷிங் முற்றும் மீளவில்லை. ஆயினும் உழைப்பை விடவில்லை. 1977-இல் வெளியான 'விண்மீன் போர்கள்' படத்தில் இரக்கமற்ற படைத்தலைவராக நடித்தபோது, தந்த காலணி இறுக்கமாயிருந்ததால், கால் தெரியாத காட்சிகளில் வீட்டுச் செருப்புடனேயே நின்றார். முகத்தின் கொடுமையைக் கண்டவர் எவரும் செருப்பை நினைத்திரார். காமிரா எதைக் காண்கிறது, எதைக் காணவில்லை என்னும் அறிவு இறுதிவரை அவரைக் காத்தது. 1994 ஆகஸ்டு 11-ஆம் நாள் காண்டர்பரி நகரில் அவர் காலமானார்.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2016-இல் வந்த அவ்வரிசைப் படம் ஒன்றில், மறைந்து 22 ஆண்டுகளான குஷிங்கின் முகம் கணிப்பொறியால் மீண்டும் ஆக்கப்பட்டது. நடந்தவரும் பேசியவரும் வேறொருவர். கை ஹென்றி என்னும் தேர்ந்த நடிகர். முகம் ஒருவருடையது, உடல் வேறொருவருடையது. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் செனெக்டடி நகரில் தொடங்கிய நிலைக்கே தொழில்நுட்பம் வேறு வழியாக வந்து சேர்ந்ததை நீங்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

மாணவ நேயர்களே, முகத்தைக் கருவி படைத்துக்கொள்ளலாம். எந்தச் சொல்லில் கண்ணாடியைக் கழற்றுவது, எந்தக் கணத்தில் முதுகு வளைவது என்னும் முடிவை ஒரு மனிதரே எடுத்தாக வேண்டும். அம்முடிவுகளை மூன்று வாரம் எண்ணி, ஓரிரவில் கொடுத்துவிட்டு, எஞ்சுமா என்று கேளாமல் அடுத்த ஒத்திகைக்குச் சென்றவர்கள் அந்நாளைய தொலைக்காட்சி நடிகர்கள். குஷிங்கின் வியாழக்கிழமை நடிப்பைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், அவருடைய கைகளை உற்று நோக்குங்கள். அதற்கு முந்தைய ஞாயிறு இரவில் அக்கைகள் இன்னும் சிறப்பாக இயங்கின என்று அவர் நம்பியதையும் நினைவில் கொள்ளுங்கள்.